'யாருய்யா நீ' என்று யாரும் கேட்காத மனிதர்

ஜனவரி 26 அன்று எனக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, பாபாசாகேப் எழுதிக்கொடுத்த அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். இன்னொன்று, 2015இல் அதே தேதியில் புனேயில் ஆர்.கே. லட்சுமண் இறந்துபோனார். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைச் சொன்னபோது கலைக் கல்லூரித் தம்பி ஒருவர் சட்டென்று கேட்டார்: "தோழர், மைசூர் அய்யர் வீட்டுப் பிள்ளை, எழுத்தாளர் ஆர்.கே. நாராயணனோட தம்பி. ஆங்கிலப் பத்திரிகையில அரை நூற்றாண்டு உட்கார்ந்து படம் போட்டவர். அவர்மேல உங்களுக்கு என்ன இவ்ளோ பிரியம்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே பேப்பர்காரர் மூலமாக இல்லை, பெங்களூர் பஸ் மூலமாக. திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சேரிகளில் பாதிக்குப் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று போகிற அந்தப் பஸ்ஸில் எங்கள் நைனாவும் போவார். சென்ட்ரிங் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும்போது எங்களுக்குத் தின்பண்டம், அம்மாவுக்கு ஏதாவது துணி. எல்லாவற்றையும் பழைய ஆங்கிலப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவார். தின்பண்டம் அன்றைக்கே தீர்ந்துவிடும். பேப்பர் மிஞ்சும். எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே ஆங்கிலம் அதுதான்.

அதில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு கட்டம். முதல் பக்கத்தில், உள்ளங்கை அளவில் ஒரு படம். வழுக்கைத் தலை, காதோரம் நரைத்த முடி, வட்டக் கண்ணாடி, பல்துலக்கி மாதிரி மீசை, கட்டம்போட்ட கோட்டு, கீழே வேட்டி. எந்தப் பேப்பரைப் பிரித்தாலும் அதே பெரியவர் ஏதோ ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பேசவே மாட்டார். பேசுகிறவர்கள் எல்லாம் மற்றவர்கள்: குல்லா போட்ட மந்திரி, தொப்பை வைத்த அதிகாரி, கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் குமாஸ்தா.

பெரியப்பா மகன் அண்ணன் அப்போது கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டு ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் லிஃப்கோ அகராதியோடு என்னை உட்கார வைத்து, படத்துக்குக் கீழே உள்ள வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார். ஒரு வாக்கியத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அர்த்தம் பிடிபட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம். பிறகு படத்தை வெட்டி, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து நோட்டில் ஒட்டுவோம். மந்திரியைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அந்த நோட்டுதான். எங்கள் தெருவில் வி.ஏ.ஓ. வந்தாலே எழுந்து நிற்பார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. பிரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட தம்பிக்கு முதல் பதில் இதுதான்.

இளையவர்கள் பலர் இந்தப் படங்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் வரலாறு. 'யூ செட் இட்' என்ற பெயரில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் 1951இல் தொடங்கியது. அதில் வரும் பெரியவருக்குப் பெயர் கிடையாது. 'காமன் மேன்', அதாவது சாதாரண மனிதர் என்றே சொன்னார்கள். தினமணியில் மதியின் 'அடடே' படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வகை நன்றாகத் தெரியும்: ஒரே கட்டம், ஒரே வாக்கியம், அன்றைய செய்தி. லட்சுமண் அரை நூற்றாண்டுக்கு மேல் இதைப் போட்டார். வெள்ளத்தை ஹெலிகாப்டரில் இருந்து பார்க்கும் மந்திரி, தோண்டிப் போட்டுவிட்டு மூடாத ரோடு, தேர்தலுக்குத் தேர்தல் மாறாத வாக்குறுதி. அவர் வரைந்தபோதும் அது செய்தி, இன்றைக்கும் செய்தி.

ஓவியம் படிக்க ஆசைப்பட்டு அவர் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, சேர்த்துக்கொள்ளும் அளவுக்குத் திறமை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தக் கதையை எல்லோரும் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றும். ஒரு கதவு மூடியபோது அவருக்கு வேறு கதவுகள் இருந்தன. அண்ணன் நாவல் எழுதுகிறவர், அவர் கதைகளுக்குத் தம்பி படம் போட்டார். 'திறமை இல்லை' என்ற அதே பதிலைக் கேட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி பெயிண்ட் டப்பாவைத் தூக்கிய நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது கதவு எது?

இப்போது நைனா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்க வரும், ஆங்கிலம் வராது. ஒருநாள் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நின்றார். பெரிய அலுவலக அறை. மேசையைச் சுற்றி மந்திரிகள். ஓரத்தில் நம் பெரியவர்.

"இவர இன்னாத்துக்கு உள்ள உட்டானுங்க?" என்று கேட்டார்.

அண்ணன் விளக்கினார்: "இல்ல சித்தப்பா, இது நெசமா நடந்தது இல்ல. அவரு பொதுசனம். நாட்டு மக்கள் எல்லாத்துக்கும் பதிலா அவரு நின்னு பார்க்கறாரு."

"அது சரிடா. ஆனா ஒருத்தன்கூட 'யாருய்யா நீ'ன்னு கேக்கலியே? நான் சென்ட்ரிங் அடிச்ச ஆபீசு, பூசி முடிச்சி பெயிண்ட் அடிச்சப்புறம் கேட்டாண்ட நின்னா வாட்ச்மேன் என்னைக் கேக்கறானே."

அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். ஆனால் இத்தனை வருடத்தில் அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது இல்லை. காமன் மேன் மந்திரிசபைக்குள் நுழைவார், விமான நிலையத்தில் மந்திரியின் பக்கத்தில் நிற்பார், கட்சித் தலைவரின் வீட்டுக்குள் இருப்பார். யாரும் அவரைத் தடுப்பதில்லை. ஊர் கேட்பதில்லை, தெரு கேட்பதில்லை, அப்பா பெயர் கேட்பதில்லை. கார்ட்டூனில் அது வசதிக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் இந்த நாட்டில் அப்படி நடக்க முடிகிறவர்களும் உண்டு, முடியாதவர்களும் உண்டு. எங்கே போனாலும் கேள்வி கேட்கப்படாமல் நிற்க முடிவதுதான் இங்கே 'சாதாரணம்' என்பதற்கு உண்மையான பொருள். அந்தச் சாதாரணம் நமக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்தப் பெரியவர் எப்படிப் பிறந்தார் என்பதை லட்சுமணே சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் இந்திய மக்களைக் காட்ட வேண்டும் என்று ஒரு கூட்டத்தையே வரைந்திருக்கிறார். வங்காளி, தமிழர், பஞ்சாபி என்று உடையை வைத்தே அடையாளம் தெரிகிற பலர். தினமும் பேப்பருக்கு நேரத்தில் படம் கொடுக்க வேண்டும். நேரம் போதவில்லை. ஒவ்வொருவராகக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒருவர் மிஞ்சினார். கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் போட்ட அவர்தான் காமன் மேன்.

இதில் சதி எதுவும் இல்லை, வேலை நெருக்கடிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தியாவைச் சுருக்கிச் சுருக்கி ஒரே ஆளாக ஆக்கும்போது யார் மிஞ்சுகிறார்கள்? படித்த, வயதான, கண்ணாடி போட்ட, மேலே கோட்டுப் போட்ட ஓர் ஆண். சித்தாள் வேலைக்குப் போகிற பெண் மிஞ்சவில்லை. மலம் அள்ளுகிறவர் மிஞ்சவில்லை. 'பொதுமக்கள்', 'பொதுப்பாதை', 'பொதுக்குளம்' என்று நம் ஊரில் சொல்லும்போதும் இதேதான் நடக்கிறது. பொது என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை யாரோ ஏற்கெனவே முடிவு செய்துவிடுகிறார்கள்.

அதே பென்சில் எங்கள் தெருவுக்கு மிக அருகில் வந்த இடமும் உண்டு. அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்றில், நிலவுக்கு அனுப்ப ஆள் தேடுகிற விஞ்ஞானிகளுக்குக் காமன் மேன் கிடைத்துவிடுகிறார். தண்ணீர், சாப்பாடு, வெளிச்சம், இருக்க இடம் எதுவும் இல்லாமல் பிழைக்கத் தெரிந்தவர் இவர்தான் என்று சந்தோஷப்படுகிறார்கள். அண்ணன் இதை விளக்கியபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்போது எங்கள் காலனியில் தெருவிளக்கு இல்லை. தண்ணீருக்கு ஊர்த்தெரு ஓரமாகப் போய்க் காத்திருக்க வேண்டும். "அப்ப நம்ம தெருவே நெலாவுலதான் கீது" என்றார். அந்த ஒரு படத்துக்காக லட்சுமணை நான் எப்போதும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அதே பென்சில் வேறு பக்கம் திரும்பிய இடங்களையும் சொல்லியாக வேண்டும். 2012 மே 11 அன்று நாடாளுமன்றத்தில் தோழர் தொல். திருமாவளவன் ஒரு கார்ட்டூனைப் பற்றிப் பேசினார். என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்த, 1949இல் சங்கர் வரைந்த படம். அரசியலமைப்பு என்கிற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. சாட்டை நத்தைக்கா, அம்பேத்கருக்கா என்று அறிஞர்கள் விவாதித்தார்கள். சாட்டையடியைச் சொந்த முதுகில் கண்ட சமூகத்திடம் அந்த விவாதம் எடுபடவில்லை. 2 ஆண்டு, 11 மாதம், 18 நாளில் இவ்வளவு பெரிய நாட்டுக்குச் சட்டம் எழுதப்பட்டதை ஒரு சோம்பேறி நத்தையாகக் காட்டியிருக்கிறார்களே என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. படம் நீக்கப்படும் என்று அரசு அறிவித்தது. பாடநூலின் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் பதவி விலகினார்கள். புனேயில் பல்சிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. தாக்கியது தவறு. கேட்ட கேள்வி தவறில்லை.

அடுத்த மாதமே இன்னொரு படம் வெளிச்சத்துக்கு வந்தது. 12ஆம் வகுப்புப் பாடநூலில், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றியது. வரைந்தவர் நம் லட்சுமண். போராடுகிற மாணவனைக் காட்டி, இந்தப் பையனுக்கு ஆங்கிலமும் படிக்க வராது என்று சொல்கிற நக்கல். கலைஞர், வைகோ, ராமதாஸ், ஜெயலலிதா என்று எல்லோரும் எதிர்த்தார்கள். தமிழ் உணர்வுக்கு இழுக்கு என்றார்கள்.

எனக்கு வலித்தது வேறு இடத்தில். ஆங்கிலம் படிக்க வராத அந்தப் பையன் நான்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவர் படத்தின் வாக்கியத்தை அரை மணி நேரம் எழுத்துக்கூட்டிய பையன். அவர் சிரிப்பைப் பங்குபோட்டுக்கொள்ள அவ்வளவு சிரமப்பட்டவனைப் பார்த்தே அவர் சிரிக்கிறார் என்றால், அந்த மேசைக்கு எதிரே யார் உட்கார்ந்திருப்பதாக அவர் நினைத்து வரைந்தார் என்பது தெரிந்துவிட்டது. மந்திரியைப் பார்த்துச் சிரிக்கும்போது அவரும் நானும் ஒரே பக்கம். படிப்பு வராதவனைப் பார்த்துச் சிரிக்கும்போது அவர் மந்திரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறார்.

தோழர்களே, கிண்டலை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். சிரிப்பு மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா? மீம் போடுகிற உங்களுக்கும் இது பொருந்தும். எதிர்க்கட்சித் தலைவரைக் கிண்டல் செய்ய ஆசைப்பட்டு அவரை மாற்றுத்திறனாளியாக, திருநங்கையாக, கறுப்பு நிறத்தவராக, ஆங்கிலம் உளறுகிறவராகக் காட்டினால், அவர் தப்பித்துவிடுவார். அடி வேறு யாருக்கோ விழும்.

அதற்காக லட்சுமணைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய தொழில் ஒன்று இருக்கிறது. காமன் மேன் எதையும் சொல்வதில்லை. மந்திரியே பேசுகிறார், தன் வாயாலேயே மாட்டிக்கொள்கிறார். வரைந்தவர் பக்கத்தில் நின்று 'இவன் அயோக்கியன்' என்று எழுதுவதில்லை. அப்படி எழுதியிருந்தால் மறுநாளே மறந்திருப்போம்.

கள ஆய்வுக்குப் போகும்போது இதைச் செய்யுங்கள். நம் அறிக்கைகளில் பெரும்பாலும் நம் கோபம்தான் நிறைய இருக்கிறது. அதிகாரி சொன்னது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. தலைகீழாகச் செய்து பாருங்கள். ஒருமுறை ஒரு சமாதானக் கூட்டத்தில் அதிகாரி ஒருவர், "இந்த ஊர்ல சாதிப் பிரச்சினையே கிடையாது. அவங்க கோயிலுக்குள்ள வரணும்னு கேட்டதாலதான் பிரச்சினை" என்றார். நாங்கள் அறிக்கையில் தேதி, நேரம் போட்டு, அந்த இரண்டு வாக்கியத்தையும் அப்படியே எழுதினோம். ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நாங்கள் எழுதிய எல்லா அறிக்கைகளிலும் அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பேர் படித்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் வருகிற பதில்களையும் அப்படியே வெளியிடுங்கள். பல நேரம் அதைவிடப் பெரிய கார்ட்டூன் வேறு கிடையாது.

இது எதற்கு என்று கேட்டால், நம் மாவட்டத்தையே பாருங்கள். 1947இலேயே சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் போனது 2023 ஜனவரி 30. ஏறத்தாழ 80 ஆண்டு காத்திருப்பு. மாவட்ட ஆட்சியரும் நூற்றுக்கணக்கான காவலர்களும் கூட வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயில், அங்கேயும் போலீஸ் பாதுகாப்போடுதான். காமன் மேன் மந்திரிசபைக்குள் ஒரு ஆள் துணையில்லாமல் நடந்து போனார். நம் அம்மாக்கள் பொங்கல் பானையோடு ஊர்க் கோயிலுக்குள் நடக்க ஒரு பட்டாளமே வேண்டியிருந்தது. கார்த்திகை தீபத்துக்கு உலகமே கூடுகிற ஊர் நம்முடையது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் 'யார் நீ' என்று கேட்பதில்லை. அங்கிருந்து பஸ் ஏறி ஊருக்குப் போனால் கேட்கிறார்கள்.

காமன் மேனுக்குப் புனேயில் சிம்பயாசிஸ் கல்வி நிறுவனம் சிலை வைத்திருக்கிறது. திறந்த வெளியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். அரசியலமைப்பை எழுதியவரின் சிலையோ தமிழ்நாட்டில் ஊர் ஊராக இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. இந்த இரண்டு சிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் போதும், கீழே எழுத எதுவும் தேவையில்லை. ஏன் இன்னும் யாரும் நம் ஊர்ச் சுவரில் அதை வரையவில்லை?

வரையத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். உன்னமதி ஷியாம் சுந்தர் என்கிற தலித் ஓவியர், 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கார்ட்டூன்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் பின்னணியையும் எழுதியிருக்கிறார். 2019இல் நவயானா வெளியிட்டது. பெரிய பெயர் வாங்கிய ஓவியர்கள் பாபாசாகேபை எப்படிக் குள்ளமாக, குழந்தையாக, பெண்ணாகக் காட்டிச் சிரித்தார்கள் என்று வரிசையாகப் பார்க்கலாம். அவர் எந்தப் படத்தையும் தடை செய்யச் சொல்லவில்லை. வரிசையாக வைத்து, படிக்கக் கற்றுக்கொடுக்கிறார். தடையைவிட இது வலிமையான பதில் என்று நான் நினைக்கிறேன். தடை என்கிற ஆயுதம் கடைசியில் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியும். 2017இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதை வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தார்கள்.

நமக்குப் பத்திரிகை மரபு புதிதும் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பின்னாளில் 'தமிழன்' கோலார் தங்கவயலில் இருந்து வெளிவந்தது. வட ஆற்காட்டில் இருந்து சுரங்க வேலைக்குப் போன நம் பாட்டன்கள் கூலிக்காசில் வாங்கிப் படித்த பத்திரிகை. எழுத்து நம் கைக்கு அப்போதே வந்துவிட்டது. கோடும் வரட்டும்.

அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு வேலை செய்துகொண்டு வாருங்கள். இந்த மாதம் உங்கள் காதால் கேட்ட ஒரு வாக்கியம்: அதிகாரியோ, பேராசிரியரோ, ஊர்ப் பெரியவரோ, நம் கட்சிக்காரரோ சொன்னது. அதை மாற்றாமல் எழுதுங்கள். மேலே படம் போடுங்கள். கை வராவிட்டால் குச்சி மனிதர் போதும். ஓரத்தில் நின்று பார்க்கிற ஒருவரையும் கட்டாயம் வரையுங்கள். அவருக்குக் கோட்டு வேண்டாம். சும்மாடு வைத்த தலையோ, சென்ட்ரிங் சுத்தியல் பிடித்த கையோ, விடுதித் தட்டோ, உங்கள் வீட்டில் இருக்கிறதை வரையுங்கள். நன்றாக வந்தவற்றை இங்கே வெளியிடுகிறேன்.

ஜெய் பீம்.